வேணி அக்கா எனக்காக இருந்த பதினைந்து நாள்

சென்ற செவ்வாய்க்கிழமை கார் நிக்கோபார் தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேணி அக்காவின் கணவர் போன் செய்தார். “போயிட்டாம்மா” என்றார். நான் கவுண்டர் ஜன்னலை மூடிவிட்டேன். வெளியே நின்றவர்களுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், ஒருவர்கூடக் கத்தவில்லை. போர்ட் பிளேரில் ஒரு டிக்கெட் வரிசை அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததேயில்லை.

அந்த வரிசையில் நின்று, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கும் வந்திருக்கும் உங்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து ஜன்னல். “பாய்சாப், பர்த் கதம், தீர்ந்துபோச்சு. நாளைக்கு வந்து பாருங்க” என்று ராமநாதபுரத்துத் தமிழில் தீவு ஹிந்தியைக் கலந்து அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அதையே நான் சொன்னால் சண்டை.

மரைன் ஹில் மேட்டில் வீட்டுக்கு ஏறும்போது மூன்று இடத்தில் நிற்பார். சோற்றைக் குறையுங்கள் என்று கேலி செய்தவள் நான்தான், பாவி. இருமலுக்கு ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கவுண்டரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஒரு பக்க நுரையீரல் சுருங்கியிருந்தது. விலாவில் குழாய் போட்டு விரித்தார்கள். விமானம் கூடாது என்றதால், தேறியதும் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்குப் போனார். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னத் துவாரங்கள். பெரும்பாலும் பெண்களுக்கு வருவதாம். டாக்டர்களே அபூர்வமாகப் பார்க்கும் நோயாம்.

மாற்று நுரையீரலுக்குப் பெயர் பதியச் சொன்னார்கள். “ஊருக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் சொன்னவளை இப்ப வெயிட்டிங் லிஸ்ட்ல போடுறாங்கடி” என்று போனில் சிரித்தார். கூப்பிட்டால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்குச் சென்னையிலேயே தங்க வேண்டும். எத்தனை மாதமோ, வருடமோ, யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டுக்கு வருகிறேன், அடுத்த கப்பலில் இரண்டு பர்த் போடு என்றார்.

திரும்பி வந்தால் மாற்று நுரையீரல் கிடைக்காது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

“இல்லக்கா, ஃபுல். சாரி” என்றேன்.

பொய். அதை விட்டால் அதற்கடுத்த கப்பல் பதினைந்து நாள் கழித்துத்தான். அதற்குள் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். மாறவில்லை.

ஆக்சிஜன் மெஷினைக் கணவர் தூக்கிவர, அக்கா இங்கே கப்பல் துறையில் இறங்கினார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உனக்குப் பொய் சொல்ல வரலடி. டிக்கெட் இல்லன்னு சொல்லிட்டு சாரின்னே. நாம என்னைக்குக் கவுண்டர்ல சாரி சொல்லியிருக்கோம்?”

தெரிந்துமா அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“நீ பயந்துட்டே. சரி, உனக்காக இருந்து பாப்போம்னு இருந்தேன். என்னால முடியல.”

அதன் பிறகு ஒன்பது மாதம் தன் வீட்டில், தன் மகளோடு இருந்தார். சாயங்காலம் தவறாமல் போவேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், ஆட்டோ கூப்பிடு, மின்னி பே கடலோரம் வரைக்கும் போய்க் காற்று வாங்கலாம் என்பார். கடைசிவரை நான் கேட்கவேயில்லை.

அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தப் பதினைந்து நாள். கையில் நாள் குறைவு என்று தெரிந்தும் அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு பர்த் இருந்தது அக்கா. இரண்டும் கீழ் பர்த்.