தொப்புளில் வைத்த சாம்பல்

நான் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நோயைக் கேள்விப்பட்ட ஒருவரும் இதை நம்பவில்லை.

சூலூரில் தறி ஓட்டுகிறவன் நான். போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் போய் இரண்டு மாதம் ஆகியும் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறவில்லை. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் வீங்கிக் கிடந்தது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் ஓரிடம் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் எப்போதோ அடைபட்டுப் போயிருக்கிறது. ரத்தம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மண்ணீரல் பெருத்து, அதற்குப் பாயும் ரத்தமும் கூடி, தமனியின் சுவர் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அது வெடித்தால் ஆஸ்பத்திரி வந்துசேரக்கூட நேரமிருக்காது என்றார்.

"டிரிங்க்ஸ் பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். குடித்து ஈரல் கெட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். இல்லை என்றேன். பக்கத்தில் என் அண்ணன் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக உட்கார்ந்திருந்தார். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் அவருக்குக் குடிக்காமல் முடியாது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "இனியாச்சும் அதைய உட்டுப்போடு கண்ணு" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். அண்ணனும் கூடவே தலையாட்டினார். அண்ணனின் ஈரலையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று டாக்டரிடம் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். லேசாகக் கொழுப்பு இருக்கிறது, வேறொன்றுமில்லை என்று முடிவு வந்தது. எனக்குப் பொறாமை பொறுக்கவில்லை. தண்ணீர் வற்றாத தோப்பு அவருக்கு, நூல் அறுந்துகொண்டே இருக்கும் தறி எனக்கு. இப்போது நோயில்லாத உடம்பும் அவருக்கே.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அம்மாவும் கூட வந்தாள். "இவர் பொறந்தப்ப தொப்புள்ல சீழ் புடிச்சுதுங்களா? அந்தக் கிருமி உள்ள ஏறிக் குழாயை அடைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா.

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "அடுப்புச் சாம்பல் வெச்சீங்கல்லங்கம்மா. நாந்தான் அள்ளியாந்து குடுத்தேன். அப்ப எனக்கு ஆறு வயசு."

தொப்புள் காயச் சாம்பல் வைப்பது அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் ஆத்திரம் வந்தது. அண்ணன் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர், நான் வீட்டில். அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனுடைய காரில் ஏறிக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அந்த அழுகைகூட எனக்கென்று வரவில்லை.

தொடை இடுக்கு வழியாகச் சின்னக் குழாயை விட்டு, புடைப்புக்குள் மெல்லிய கம்பிச் சுருளை அடைப்பதாக முடிவானது. அதைச் செய்யும் நாள் காலையில் வார்டில் படுத்திருந்தேன். அம்மா வெளியிலேயே நின்றாள். பக்கத்தில் இருந்த அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

"அம்மா உங்ககிட்ட மட்டுந்தான் அழுவாங்களாங்கண்ணா?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். "சீழ் வெச்சப்ப உனக்குக் காய்ச்சல் வந்துபோச்சு. அம்மா உன்னைய மடிய உட்டு எறக்கவே இல்ல. நான் கிட்டப் போனா முடுக்கி உட்டாங்க. நீ போய்ச் சேந்துட்டா நல்லதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன் தம்பி. அத்தனை பொறாமை உன்மேல."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ மனசு குளிர்ந்தது. இத்தனை வருடமாக நான் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ, அவர் எனக்கு முன்பே என்னைப் பார்த்து வெந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆள் வந்து நின்றார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.

"அம்மாவ உள்ள கூப்புடுங்கண்ணா. அவங்க முன்னால இதைய இன்னொருக்காச் சொல்லுங்க."