பாரிஸுக்குள் போகாத பாதை

பாமா என் மூத்த அண்ணன் கனகசபையின் மகள், நான் அவளுக்கு மாமி. அண்ணனுக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவன் ரொறன்ரோவில். அடுத்த பெண்கள் இரண்டும் ஊரோடு. நாலாவது பாமா, கடைக்குட்டி கிரிதர்.

பாமா எண்பத்தாறில் கிழக்கு பேர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்தவள். பான் நகரில் கட்டடங்கள் கூட்டினாள், உடுப்புத் தோய்க்கிற இடத்தில் நின்றாள். பிறகு தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை கிடைத்தது. அதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்தாள், மூன்றாம் முறைதான் பாஸ். ஆனாலும் ஊருக்குள் ஓடியதோடு சரி. வேகப்பாதை என்றால் எப்போதும் அவளுடைய மனுசன் உமாபதிதான்.

எங்கள் சனத்துக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ். எந்த மூலைக்குப் போவதானாலும் பாரிஸில் சொந்தத்தின் வீட்டுப் படியேறிவிட்டுத்தான் போவார்கள். ஏறாமல் போனால் வருடக்கணக்காகப் பேச்சு. என் தம்பி முருகேசு அங்கேதான் இருக்கிறான். இரண்டாயிரத்து மூன்றில் அவன் மகள் பெரியவளாகி, அந்தச் சாமத்தியச் சடங்குக்குப் போனோம். பாரிஸைச் சுற்றுகிற பெரிய றோட்டில் அகப்பட்டு, நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர, சோறு சமைத்த கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆரத்தி எடுக்க வேண்டியவள் பாமா. முருகேசு வாசலில் நின்று, "வாங்கோ, சோத்துக்கு வந்த சனம்" என்றான். சிரித்துத்தான் சொன்னான். பாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்து கிரிதருக்குக் கலியாணம். அவன் பிரான்சின் தெற்கே துலூஸில் வேலை செய்கிறான், பெண்ணும் அந்த ஊர்தான். பானில் பாமா வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கி முடிய, அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். தாலியையும் கூறைச்சேலையையும் பாமா கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் முகூர்த்தம். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்த நாள் அதுதான், விட்டால் ஆடி. துலூஸில் ஐயர் இல்லாதபடியால் முருகேசு பாரிஸிலிருந்து தன் காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு.

பாமா மேசையில் றோட்டுப் படத்தை விரித்தாள்.

"பாரிஸ் வேண்டாம். லக்சம்பேர்க், மெற்ஸ், துருவா. அதிலையிருந்து சின்ன றோட்டாலை பூர்ஜ். பிறகு லிமோஜ், துலூஸ்."

"உமக்கு விசரே?" என்றார் உமாபதி. "அது மாட்டுப்பட்டி றோட்டு."

"மாடு சிக்னல் போடாது, பறவாயில்லை."

"சித்தப்பாவுக்கு என்ன சொல்லுறது?"

அவளே முருகேசுவுக்குப் போன் அடித்தாள். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"பாரிஸுக்கு வராமல் பிரான்சுக்குள்ளை எப்பிடியடி போவாய்? இடியப்பத்துக்குச் சொல்லிப்போட்டன்."

"ஏலாது சித்தப்பா. வந்தால் சாப்பிடச் சொல்லுவியள், சாப்பிட்டால் படுக்கச் சொல்லுவியள். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட லீவு வேறை துடங்கியிட்டுது. நீங்களும் விடியவே வெளிக்கிடுங்கோ."

"எனக்கு நீ பாரிஸ் படிப்பிக்கிறியோ?"

வெள்ளி விடியப் புறப்பட்டோம். உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடந்த நேரம், பானில் கார்களுக்கெல்லாம் கொடி. எங்கள் வான் வண்டியை உமாபதி ஓட்டினார், பாமா பக்கத்தில் படம் பார்த்தாள், நான் பின்னால் தாலிப்பெட்டியை மடியில் வைத்திருந்தேன். துருவா தாண்டியதும் றோட்டு எங்களுக்கென்றே போட்டதுபோல் கிடந்தது. இரு பக்கமும் கோதுமை வயல், இடைக்கிடை ஒரு தேவாலயக் கோபுரம். உமாபதிகூடப் பாட்டு முணுமுணுத்தார். மத்தியானம் திரும்பிய கையோடு பூர்ஜ் வந்துவிட்டோம். பாமா பேக்கரி வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள்.

அப்போது போன் அடித்தது. முருகேசு.

"பிள்ளை, கார் கொதிச்சு நிண்டிட்டுது. ஓர்லியோனுக்கு இஞ்சாலை, பெற்றோல் செட்டிலை நிக்கிறம். காலமையிலை இருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தது. இழுக்கிற வண்டி நாளைக்குத்தானாம். ஐயர் என்னோடை."

நான் தலையில் கைவைத்தேன். ஐயர் இல்லாமல் தாலி போய் என்ன செய்ய?

பாமா படத்தைப் பார்த்தாள். பூர்ஜிலிருந்து வடக்கே வேகப்பாதை நேரே அந்த இடத்துக்குப் போகிறது. "சனமெல்லாம் தெற்கைதான் போகுது. வடக்கு வெறும் றோட்டாய்த்தான் கிடக்கும். போய் ஏத்துவம்."

உமாபதி எழும்பினார். "தாலியோடை வந்த வழியிலை திரும்புறதோ? மாமி, நீங்களே சொல்லுங்கோ."

எனக்கும் மனம் ஒப்பவில்லை. பொன்னுருக்கிய தாலி வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் மணவறைக்குத்தான் போக வேண்டும். என் தாய், பெரியதாய், எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள்.

"தாலி திரும்பாது" என்றாள் பாமா. "தாலியோடை மாமி இஞ்சை இருக்கட்டும். நான் போறன்."

"நீரோ? தனியவோ? வேகப்பாதையிலையோ? நான் போறன்."

"உங்கடை கண் சொருகுது. கடைசி வளைவிலை நான்தான் ஸ்டேரிங்கைப் பிடிச்சனான். சொல்லட்டோ மாமிக்கு?"

உமாபதி வான் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் பேக்கரி மேசையில் இருந்தோம். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கடைக்காரப் பெண் கேக் பெட்டி என்று நினைத்துத் தட்டு வேண்டுமா என்று சைகை காட்டினாள். உமாபதி றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கோப்பியைக் குடிக்க மறந்து.

அங்கே நடந்ததைப் பிறகு ஐயர்தான் சொன்னார். வடக்கே போகிற பக்கம் காற்றுப்போல் கிடந்ததாம். இரண்டு பக்கத்துப் பெற்றோல் செட்டுக்கும் நடுவில், றோட்டுக்கு மேலால் ஒரு நடைபாலம். பாமா இந்தப் பக்கம் வானை நிறுத்திக் கைகாட்ட, ஐயர் வேட்டியை மடித்துக்கட்டி, பூசைப்பையைத் தோளில் போட்டு, பாலத்தால் நடந்தாராம். கீழே நெரிசலில் நின்ற கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக் கைதட்டினார்களாம். முருகேசு தன் காருக்குக் காவலாக மற்றக் கரையில் நின்று, "பிள்ளை, கவனம்" என்று மட்டும் கத்தினானாம்.

"அடுத்த வெளிவாசல் வரைக்கும் நூற்றிமுப்பதிலை ஓடினவ அம்மா. நான் எல்லா மந்திரமும் வழியிலையே சொல்லி முடிச்சிட்டன்" என்றார் ஐயர், வானால் இறங்கி. தெற்கே திரும்பும்போது அவள் வேகப்பாதையை விட்டு, காட்டுக்குள்ளால் போகிற சின்ன றோட்டைப் பிடித்து வந்திருந்தாள். முகம் சிவந்து, கண் மின்னிக்கொண்டிருந்தது. உமாபதி ஓட்டுகிற பக்கத்துக்குப் போனார்.

"அங்காலை இருங்கோ" என்றாள். துலூஸ் வரைக்கும் அவள்தான்.

சனிக்கிழமை, முகூர்த்தம் முடிய நேரம் கிடக்கவே கிரிதர் தாலி கட்டினான். மாப்பிள்ளையின் தமக்கை என்றபடியால் பாமா தோழியாகப் பக்கத்தில் நின்றாள். விளக்கை அவள்தான் பிடித்தாள்.

பின்னேரம் கடைசிப் பந்தி நடக்கும்போது முருகேசு வந்தான். இழுவைவண்டி, ரயில், டாக்சி என்று மாறி மாறி வந்தவன். சேர்ட் கசங்கி, கையில் பரிசுப்பொதி. வாசலில் நின்று பாமாவைப் பார்த்தான். இவள் இப்போது அந்தப் பழைய சொல்லைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

பாமா ஒரு வாழையிலையை எடுத்து விரித்தாள். "இருங்கோ சித்தப்பா. இன்னும் கிடாரம் கழுவேல்லை."

"நீ சொல்லாட்டிலும் நான் சொல்லுறன் பிள்ளை" என்றான் முருகேசு, இலைக்கு முன்னால் இருந்துகொண்டு. "சோத்துக்குத்தான் வந்தனான்."

அவள் சோறு போட்டாள். அவன் பருப்பைக் குழைத்தபடி கேட்டான்: "நாளைக்கு உன்ரை வானிலை இடமிருக்கோ?"

"நாங்கள் பாரிஸாலை போகேல்லை சித்தப்பா."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கிறன். பூர்ஜிலை இறக்கிவிடு, ரயில் எடுக்கிறன்."