சனிக்கிழமை மதியத்து உடம்பு

இட்லிக் கடைக்காரர் ஒல்லியாக இருந்தாலும் இட்லி விற்கும். ஜிம் மாஸ்டருக்குத் தொப்பை விழுந்தால் கடையே விழுந்துவிடும். நாற்பதைத் தாண்டிய பிறகும் ஏதோ ஒரு பழைய உடம்பை நம்பிப் பிழைப்பு நடத்தும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் மணி, வயது நாற்பத்தேழு. இரவு முழுக்க ஒரு கம்பெனி கேட்டில் காவல். காலையும் மாலையும் வில்லியனூரில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் மாஸ்டர். நடுவில் கிடைக்கும் பகலில் தூங்குகிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள். படுத்தபடி கூரையைப் பார்த்து எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். ஒரு இடத்தில் நிற்காத மனசு, என்ன செய்ய.

வாசலில் நிற்பவன்

எங்கள் ஜிம் வாசலில் ஒரு பிளெக்ஸ் உண்டு. அதில் இருப்பது நான்தான். இருபத்தெட்டு வயதில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய அன்று எடுத்த படம். வயிற்றில் ஆறு தசைக்கட்டுகளும் தனித்தனியாகத் தெரியும். ஏழாவதாக ஒன்று இருப்பதாகக்கூட அந்தக் காலத்தில் ஒருவன் எண்ணிச் சொன்னான்.

போன தை மாதம் ஒருவர் சேர வந்தார். நான் ரசீது எழுதினேன், ஷூ வாங்கச் சொன்னேன், எடையைக் குறித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்:

"சரிண்ணே, போர்டுல கீறாரே, அவரு எத்தினி மணிக்கு வருவாரு?"

முதலாளியின் கண்டிஷன்

முதலாளி தனகோபால் அண்ணனுக்கு முக்கியத் தொழில் உரக்கடை. ஜிம் அவருக்குக் கரும்புக்கு நடுவே போட்ட ஊடுபயிர் மாதிரி. பதினாறு வருடமாக நடத்துகிறார். ஒரு டம்பெல்லைக்கூடத் தூக்கியதில்லை. யூரியா மூட்டையைப் போலவே அவரும் நடுவில் அகலம்.

அந்த ஆள் போனதும் வெளியே போய் பிளெக்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பிளெக்ஸைப் பார்த்தார். "மூணு மாசம் டைம் தரேன், மணி. இப்பத்திய போட்டோ ஒண்ணு எடுத்துக் குடு, அத மாட்டிடலாம். இல்லன்னா என் மச்சான் புள்ள சர்ட்டிபிகேட்லாம் வச்சிகினு சும்மா கீறான், அவன் படத்த மாட்டிடுவேன்," என்றார். மாட்டட்டுமே, படம்தானே என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போர்டுல யாரு கீறாங்களோ அவங்கதான்பா மாஸ்டர். நாளைக்கு நீ கோச்சிக்கக் கூடாது."

படம் பார்த்துப் படித்தவன்

சர்ட்டிபிகேட் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் புத்தகங்கள்தான் குரு. எழுத்து புரியாது, படம் புரியும். படத்தில் எப்படியோ அப்படியே செய்வேன்.

படத்தில் இருப்பவன் மூச்சு விடுவது தெரியாது அல்லவா? அதனால் முதல் ஆறு மாதம் நானும் தம் பிடித்தபடியேதான் தூக்கினேன். ஒருநாள் பாகூரில் ஒரு கொட்டகையில் கண் இருட்டி, எடை மாட்டிய பாருக்கு அடியிலேயே மயங்கிவிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய கூட்டாளி, விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்:

"அவன் பேப்பருடா! அவனுக்கு மூச்சு இன்னாத்துக்கு? நீ வுடுடா!"

கல்யாணத் தேதி

ஒரு தேதிக்கு உடம்பைத் தயார் செய்வது எனக்குப் புதிதில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளைகள். கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் நாற்பத்தைந்து நாளில் கோட்டு பட்டன் போட வேண்டும் என்று வந்தான். போட்டான். தாலி கட்டும்போது தோள் விரிந்து சும்மா ராஜா மாதிரி நின்றான். எனக்கே கண் கலங்கியது.

அப்புறம் மறுவீடு, சித்தப்பா வீட்டு விருந்து, பெரியம்மா வீட்டு விருந்து. நாற்பதாம் நாள் திரும்பி வந்தவனை எனக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. உழைத்ததெல்லாம் எங்கேடா என்றேன். கொஞ்சம்கூட வருத்தமில்லாமல் சொன்னான்:

"ஆல்பத்துல பத்தரமா கீது மாஸ்டர். வேணும்னா வூட்டுக்கு வாங்க, காட்டறேன்."

மீனின் கோபம்

மூன்று மாதமும் வெறித்தனமாக இறங்கினேன். இருபத்தெட்டில் கொழுப்பு வயிற்றிலிருந்து போகும். நாற்பத்தேழில் முதலில் முகத்திலிருந்து போகிறது. வயிறு கடைசிவரை காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சில் மழித்த முடி வெள்ளையாக முளைத்தது. முட்டி ஒவ்வொரு படிக்கும் ஏதோ சொன்னது.

என் மனைவி செல்வி பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து நல்ல வஞ்சிரம் வாங்கி வந்த அன்று, உப்பு, புளி, எண்ணெய் எதுவும் போடாமல் வேகவைத்துக் கொடு என்றேன். கொடுத்தாள். தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சாப்புடு. ஆனா அந்த மீனு உன்ன மன்னிக்காதுய்யா."

என் சனிக்கிழமை, ஊர் சனிக்கிழமை

உடம்பு உச்சத்தில் நிற்பது சில மணி நேரம்தான். கடைசி வாரம் உப்பை நிறுத்தி, கடைசி இரண்டு நாள் தண்ணீரைச் சுருக்கி, கணக்காகச் சோறும் வாழைப்பழமும் ஏற்றினால், தோல் காகிதம் மாதிரி ஒட்டி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. (யாரும் செய்து பார்க்காதீர்கள், எனக்கு வேறு வழியில்லை.)

போட்டோகிராபர் குமாரிடம், கெடு முடியும் வாரத்து ஞாயிறு காலை பத்து மணி என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். இரவு டூட்டிக்காரனுக்கு ஒரு நாள் சாயங்காலத்தில் தொடங்கி மறுநாள் தூங்கும்வரை ஓடும். ஞாயிறு காலை என்பது எனக்குச் சனிக்கிழமை டூட்டியின் வால். அதனால் நோட்டில் ‘சனி – போட்டோ’ என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து உப்பையும் தண்ணீரையும் நிறுத்தும்போது, அது என்னுடைய சனி, ஊருடைய சனி இல்லை என்பது மறந்தே போயிருந்தது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குக் கண்ணாடி முன் நின்றேன். அவன் வந்திருந்தான்! இருபத்தெட்டு வயதுக்காரன், முகம் மட்டும் கொஞ்சம் களைத்து. வீட்டில் யாரும் இல்லை. செல்வி தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு வரவேண்டிய குமாரைக் காணவில்லையே என்று போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்றேன். சோரியாங்குப்பத்தில் மஞ்சள் நீராட்டு விழாவில் இருந்தான். அன்று நல்ல நாள். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் இருந்த கேமரா எல்லாம் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருந்தது. எனக்கோ கம்பெனி விதிப்படி கேமரா இல்லாத பட்டன் போன். மேளச் சத்தத்துக்கு நடுவில் குமார் கத்தினான்:

"நாளிக்குதானே சொன்ன? உடம்பு இன்னா பஸ்ஸா மாஸ்டர், போயிடறதுக்கு? வச்சிகினு இரு, வரேன்!"

ஒரே சாட்சி

அப்போது தண்ணீர் கேன் போடும் முருகையன் அண்ணன் வந்தார். இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்காதவன் வீட்டில் இருபது லிட்டரை இறக்கிவைத்தார். அவரிடமும் பட்டன் போன்தான். யாராவது ஒருவர் பார்த்துவிடட்டும் என்று, டவுசரோடு, இரண்டு கையையும் மடக்கி, தொடையை இறுக்கி, முழு போஸ் கொடுத்தேன். அண்ணன் பதறிப்போய் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்:

"அய்யய்யோ, இன்னா தம்பி, நரம்பெல்லாம் வெளிய வந்துகினு கீது! மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடி."

பத்து மணி

அந்த உடம்பை ஞாயிறுவரை காப்பாற்றப் பார்த்தேன். இரவு டூட்டியில் கால் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பயந்துபோய்க் குடித்தேன், ஒரு சொம்பு ஐந்து சொம்பு ஆனது. கூட வேலை பார்ப்பவர் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்தார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஞாயிறு பத்து மணிக்கு முகம், கை, வயிறு எல்லாம் உப்பி, எண்ணெய் தடவிய பூரி மாதிரி நின்றேன். அந்த ஷெட்டில் என் மாஸ்டர் வேலை அன்றோடு முடிந்தது என்று தெரிந்துவிட்டது. குமார் சொன்னபடி பத்துக்கு வந்து, லைட் வைத்து, கேமராவைக் கண்ணில் வைத்தபடி, "வயித்த உள்ள இழுங்க மாஸ்டர்... இன்னும்... இன்னும்" என்றான். உயிரைக் கொடுத்து இழுத்தேன். அவன் கேமராவைக் கீழே இறக்கிக் கேட்டான்:

"இழுத்துட்டீங்களா?"

உரக்கடையில்

படத்தை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். மச்சான் மகனுக்குச் சாவியை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்கவும் தயாராகவே போனேன். தனகோபால் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தோள் நன்றாகத்தான் இருந்தது, கையும் மோசமில்லை. வயிறு மட்டும் நம் எல்லோரையும் போல.

படத்தை மேஜையில் வைத்துவிட்டு, சட்டைக்கு மேலேயே தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். கடையில் வேறு யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் பழைய படத்தப் பாத்தா உள்ள வரவே கூச்சமா இருக்கும்பா. இவ்ளோன்னா எனக்கும் வரும் போலக் கீது. இதயே மாட்டிடு. நாளிக்கு எத்தினி மணிக்கு வரட்டும், மாஸ்டர்?"

ஆக, நம் தொழிலில் உச்சம் என்பது சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிற சொந்தக்காரன், அவன் போன பிறகும் வீட்டில் கிடக்கிற உடம்புதான் எழுந்து வேலைக்குப் போய் நம்மைக் காப்பாற்றுகிறது.