தீபாவளியைப் பங்கு போட்ட நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம் நடந்தது இது. டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறேன். எனக்கும் என் கணவருக்கும் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. வீடு, கார், சேமிப்பு, மிக்ஸி, கிரைண்டர் வரை பிரித்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எட்டு வயது மகள் தீபாவளிக்கு யாரிடம் இருப்பாள்?

சிரிக்காதீர்கள். இங்கே எந்தப் பண்டிகைக்குக் குழந்தை யாரிடம் என்று சட்டமே ஒரு பொதுவான ஏற்பாடு வைத்திருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு, அன்னையர் தினம்கூட உண்டு. தீபாவளி கிடையாது. அதை நாமே பேசி முடித்துக்கொள்ள வேண்டுமாம். பேச முடிந்திருந்தால் நாங்கள் ஏன் விவாகரத்து வரைக்கும் போகப்போகிறோம்?

அதனால் மீடியேஷன் என்று ஒரு சமரசப் பேச்சு வைத்தார்கள். ஹூஸ்டனில் ஓர் ஆபீஸ். ஓர் அறையில் நானும் என் பெண் வக்கீலும். பக்கத்து அறையில் என் கணவரும் அவருடைய வக்கீலும். நடுவில் மீடியேட்டர், கவ்பாய் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர். நான் சொல்வதை அங்கே போய்ச் சொல்வார், அவர் சொல்வதை இங்கே வந்து சொல்வார். சண்டை போட்ட சம்பந்தி வீடுகளுக்கு நடுவே அலையும் கல்யாணத் தரகர் போல அந்த மனிதர் நடந்தார்.

எனக்கு முழுத் தீபாவளியும் வேண்டும் என்றேன். அவருக்கும் முழுசாக வேண்டுமாம். பெரியவருக்குப் புரியவில்லை. அது என்ன பண்டிகை, எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டார். விடியற்காலை நாலரை மணிக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் ஆரம்பம் என்றேன். எண்ணெயா, குழந்தையின் தலையிலா, நாலரை மணிக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வக்கீல் மெதுவாக என் கையைத் தொட்டு, இதை இப்போது வெளியே சொல்ல வேண்டாம், ஹனி என்றாள்.

பெரியவர் போனில் தேடிப் படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். தீபாவளி ஐந்து நாளாமே, ஆளுக்கு இரண்டரை நாள், முடிந்தது வேலை என்றார். அது வடக்கத்தியர்களுக்கு, எங்களுக்கு ஒரே ஒரு காலைதான் என்றேன். பக்கத்து அறைக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவர் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மதியம் ஆனது. ஆபீஸில் எல்லோருக்கும் சாண்ட்விச் வரவழைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் வான்கோழி, இல்லையென்றால் பன்றி. புரட்டாசியில் எங்கள் இரண்டு வீட்டிலும் முட்டைகூடக் கிடையாது. காலையில் படபடப்பில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் புளியோதரை கிளறி எடுத்து வந்திருந்தேன். ஒரு வாய் வைத்தேன், இறங்கவில்லை. அந்த மனுஷர் பக்கத்து அறையில் வெறும் காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே என்று இருந்தது. ஒரு டப்பாவில் போட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன்.

வக்கீல் பதறிப்போனாள். எதிர்த் தரப்புக்குச் சாப்பாடு அனுப்புகிற கட்சிக்காரரை அவள் பார்த்ததே இல்லையாம். பசி வந்தால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார், எல்லாம் ஒரு தந்திரம்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். பாதி உண்மைதான்.

கொஞ்ச நேரத்தில் டப்பா திரும்பி வந்தது. கழுவித் துடைத்திருந்தது. திறந்தால் உள்ளே ஏழெட்டுச் சர்க்கரைப் பொட்டலங்கள், காபி மெஷின் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அவை.

வக்கீல் அதை உற்றுப் பார்த்தாள். உங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டா, இது மிரட்டலா என்று கேட்டுவிட்டுப் போனில் படம்கூட எடுத்துக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

யாராவது பாத்திரத்தில் பண்டம் கொடுத்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். அவர் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. அமெரிக்கா வந்த புதிதில் பக்கத்து அப்பார்ட்மென்ட் கிண்ணத்தில் நான் சர்க்கரை போடுவதைப் பார்த்து, “ஆரம்பிச்சிட்டியா உன் சென்டிமென்ட்ட” என்று கிண்டல் செய்வார். பதினொரு வருடமும் கிண்டல்தான். நான் சொல்வது எதுவும் இவர் காதில் ஏறவே ஏறாது என்பதுதான் என் பெரிய புகாரே.

அவரோடு நேரில் பேச வேண்டும் என்றேன். இரண்டு வக்கீல்களுக்கும் வியர்த்துவிட்டது. காபி மெஷின் பக்கத்தில் நின்று பேசினோம், அவர்கள் இருவரும் பத்தடி தள்ளிக் காவல் நின்றார்கள்.

“பெருங்காயம் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார், வாயைத் திறந்ததும்.

“இத்தன மாசமா யாரும் குத்தம் சொல்லாம நிம்மதியா சாப்ட்டேன்” என்றேன்.

அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “காலைல அவ உங்கிட்டயே இருக்கட்டும். நான் எண்ணெ தேச்சா கண்ணுல விட்டுடுவேன், அழுவா. சாயந்தரம் நான் வந்து பிக்கப் பண்ணிக்கறேன். மத்தாப்பு கொளுத்தலாம்” என்றார்.

நான் சொன்னேன், “அவ கெளம்பினதும் வீடு காலியா இருக்கும். அன்னிக்குப் போய் அப்படி இருக்கணும்னா எனக்குப் பயமா இருக்குங்க.”

“எனக்குக் காலைல அப்படித்தான் இருக்கும்” என்றார்.

இத்தனை நாள் அவருக்கும் ஒரு காலி வீடு உண்டு என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. சரி என்றேன்.

பெரியவர் அதைச் சட்ட பாஷையில் டைப் அடித்தார். என்ன எண்ணெய் என்று எழுதாவிட்டால் பின்னால் தகராறு வருமா என்று இரண்டு வக்கீல்களும் தீவிரமாக ஆலோசனை செய்தார்கள். கடைசியில் நல்லெண்ணெய் என்றே சேர்த்தார்கள். டெக்சாஸ் நீதிபதி ஒருவர் நல்லெண்ணெய்க் குளியலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

நாங்கள் ஒன்றும் மறுபடி சேர்ந்துவிடவில்லை. அவரோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் என்னால் இருக்க முடியாது, அவராலும் முடியாது. அந்த முதல் தீபாவளி சாயந்திரம் மகளை அனுப்பிவிட்டு, ஒரு தட்டு முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு தின்றுகொண்டே அழுதேன். நன்றாக அழுதேன். அதற்கப்புறம் அந்தப் பயம் அவ்வளவாக வரவில்லை.

போன மாதம் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்து என் மகள் திடீரென்று, “அம்மா, வாஸ் அப்பா மீன் டு யூ?” என்றாள்; அப்பா உன்னை மோசமாக நடத்தினாரா என்று கேட்கிறாள். அவளுக்கு இப்போது பதினொன்று.

“இல்லடா கண்ணா. அப்பா நல்லவருதான். எங்களுக்குச் சேந்து இருக்க வரல, அவ்ளோதான்” என்றேன். “ஓகே” என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கு நடந்த நாட்களில் கேட்டிருந்தால் அவளுக்கு நான் வேறு பதில் வைத்திருந்தேன். அவள் காதில் அது விழாமல் போனதைத்தான் என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய தீர்ப்பாக இன்றும் நினைக்கிறேன்.