தருவைகுளத்தில் ஒரு சினையாடு

தருவைகுளம் கடற்கரையில் மாட்டு டாக்டர் ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசி போடுகிறார். பக்கத்து வீட்டு ஆடுகள் அந்த நோயில் செத்துவிட்டன. ரோசம்மாள் தன் சினையாட்டை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"சினை கலைஞ்சாலும் கலையும். உன் வீட்டுக்காரரைக் கேக்காம போட மாட்டேன்" என்கிறார் டாக்டர்.

"அவிய கடலுக்குப் போயிருக்காவ. ஆட்டுக்கு அவியளத் தெரியவும் தெரியாது."

டாக்டர் அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் எரிச்சலாக வருகிறது.

ஒருவழியாக வள்ளம் பாயை இறக்கிக் கரை சேர்கிறது. நனைந்த வேட்டியோடு வரும் கணவரிடம் டாக்டர் கேட்கிறார்.

"எனக்கென்ன சார் தெரியும்? அவளக் கேளுங்க."

டாக்டர் ரோசம்மாளிடம் திரும்புகிறார். "போடட்டுமாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க சார். ஆட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்று அவள் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைக்கிறாள். டாக்டர் ஊசியோடு காத்து நிற்கிறார்.