வேகமாகப் பதில் சொன்னால் பச்சை விளக்கு

எங்கள் விளையாட்டில் வரும் பொலிஸ்காரனுக்குக் குரல் கொடுத்தவன் கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன். என்னோடு கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தவன். தாய் தகப்பன் இருவரும் தமிழர்தான். ஆனால் அவன் பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர். அவன் சிங்களத்தில் சண்டை பிடித்தால் எதிராளிக்கே தமிழன் என்ற சந்தேகம் வராது. கடைசி வருஷப் புரொஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னபோது நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் வீடியோக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் புரோகிராம் எழுதுகிறோம் என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்க, நாங்கள் தமிழருக்குச் சிங்களம் பழக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்வதாக எழுதிக் கொடுத்தோம். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இந்த யோசனை எங்கள் வீட்டில் பிறந்தது. தலைநகரின் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. மேல்மாடி அறைகளை அம்மா வாடகைக்கு விட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாப் பக்கத்திலிருந்தும் வந்து, வெளிநாடு போவதற்காகக் காத்திருப்பவர்கள்தான் அங்கே இருப்பார்கள். யுத்த காலம் என்பதால், யார் புதிதாக வந்தாலும் அம்மா முதலில் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிவார். பதிந்த துண்டையும் அடையாள அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குளிக்கப் போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது அந்த அறைகளின் வழக்கம். அவர்களில் அநேகம் பேருக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. மீன் வாங்குவதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

விளையாட்டு மிகவும் எளிமையானது. திரையில் ஓர் உருவம் காலி வீதி என்ற எங்கள் பெரிய தெருவால் நடக்கும். மீன்கடை, பஸ், தபால் கந்தோர் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று சிங்களக் கேள்வி ஒன்றைக் கேட்கும். கீழே மூன்று பதில்கள் இருக்கும். சரியானதை அழுத்தி, வாயாலும் சொல்ல வேண்டும். கடைசி இடம், பொலிஸ் மறித்து அட்டை பார்க்கும் செக் பொயின்ட். பதிலுக்கு நேரம் கணிக்கும் வேலையைச் சேர்த்தவன் கொட்டாஞ்சேனைக்காரன். உடனே பதில் சொன்னால் பச்சை விளக்கு, சுணங்கினால் மஞ்சள், இன்னும் சுணங்கினால் சிவப்பும் சைரனும். "டைம் இல்லாட்டி இது கேம் இல்ல, பள்ளிக்கூடப் புத்தகம்" என்றான். நானும் தலையாட்டினேன்.

குரல்களை எங்கள் ஹோலில் வைத்தே பதிந்தோம். ஒரு பின்னேரம், புதிதாக வாங்கிய ஸ்பீக்கரைச் சோதிப்பதற்காகச் சத்தத்தை முழுதாகக் கூட்டிச் செக் பொயின்டை ஓடவிட்டோம். "பஹின்ன! ஒக்கொம பஹின்ன! ஐடென்டிட்டி!" எல்லாரும் இறங்கு, அட்டையை எடு என்ற அந்த அதட்டலுக்கு நானே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவனுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. இன்னொரு முறை போட்டான்.

நான் திரும்பிப் பார்த்தபோது மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். எல்லாருடைய கையிலும் அந்தப் பிளாஸ்டிக் உறை. ஒருவர் சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டியிருந்தார். கடைசியாக நின்ற அக்காவின் காதோரத்தில் சவர்க்கார நுரை அப்படியே இருந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் முதலில் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு ஓடிவந்த அம்மாதான் பேசத் தொடங்கினார். "விளையாடுறதுக்கு உங்களுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று அவர் கத்தியதும் படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஏறிப் போனார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை அந்தச் சவர்க்கார நுரை அக்கா தானாகவே இறங்கி வந்தார்.

"தங்கச்சி, அந்தக் குரலை இன்னொருக்காப் போடும்."

"ஏனக்கா? நேற்றுப் பயந்துபோனீங்களே."

"அதுதான். கேட்டுக் கேட்டுத் தெளியோணும். நான் எம்பசிக்குப் போகோணுமெல்லே."

அவர் சண்டை நடக்கும் வன்னியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தனியாக வந்தவர். கலியாணம் முடித்த கொஞ்ச நாளிலேயே கணவர் வெளிநாடு போய்விட்டார். இப்போது அங்கிருந்து கூப்பிட்டிருந்தார். தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பஸ்ஸில் போகவேண்டும். வழியில் எத்தனை இடத்தில் இறக்குவார்களோ தெரியாது. அந்தப் பயம் அவரை நித்திரை கொள்ள விடவில்லை.

எங்கள் விளையாட்டைச் சோதிக்க இதைவிட நல்ல ஆள் கிடைத்திருக்காது. கெட்டிக்காரி. முதல் பாடத்தில் வரும் "மட்ட சிங்கள பே", எனக்குச் சிங்களம் தெரியாது என்பதில் தொடங்கி, ஊர் எது, எங்கே போகிறாய், யார் வீட்டில் நிற்கிறாய் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. விளக்கு எப்போதும் பச்சைதான். போகப் போகக் கேள்வி முடியுமுன்பே பதில் சொல்லத் தொடங்கினார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஹோலில் குரல் கேட்டால் அங்கிருந்தே பதில் வரும். கொட்டாஞ்சேனைக்காரன் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். எக்ஸாமினர்களுக்கு முன்னால் இவரையே இருத்திக் காட்டுவோம் என்றான்.

அம்மா மட்டும் சேரவில்லை. "அந்தப் பிள்ளை உப்பிடிக் கதைக்கிறது எனக்கென்னவோ பிடிக்கேல்லை" என்றார்.

நேர்முகத்துக்குப் போகவேண்டிய கிழமையில் நகரத்தில் குண்டு ஒன்று வெடித்திருந்தது. தெருவுக்குத் தெரு நிறுத்தினார்கள். என்னைக் கூடப் போகச் சொன்னார் அம்மா. அக்கா மறித்துவிட்டார். "எனக்கு இப்ப பாஷை தெரியும்தானே, நீர் படிக்கப் போம்" என்று சொல்லி, நீலச் சேலை உடுத்து, பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரமும் தாண்டியது. பிறகு பொலிசிலிருந்து போன் வந்தது. அக்காவைப் பிடித்து வைத்திருக்கிறோம், வீட்டுக்கார அம்மா வரவேண்டும் என்றார்கள்.

நடந்ததைப் பிறகுதான் அக்காவின் வாயால் கேட்டோம். பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியிருக்கிறார்கள். அவர் முறை வந்தபோது பொலிஸ்காரன் "ஊர்" என்று தொடங்கியதுமே அக்கா ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, நிற்கும் வீட்டைச் சொல்லி, போகும் இடத்தையும் சொல்லியிருக்கிறார். அவன் இன்னும் கேட்கவே இல்லாத கேள்விகள் அவை. அவன் அட்டையைப் பார்த்தான், பதிவுத் துண்டில் இருந்த திகதியைப் பார்த்தான். வன்னியிலிருந்து வந்து ஒரு மாதம். "ஒரு மாசத்துக்குள்ள இவ்வளவு சிங்களத்தை உனக்கு யார் பழக்கினது? எங்க வச்சுப் பழக்கினது?" என்று கேட்டான். குண்டு வைக்கப் பழக்கி அனுப்பிய ஆள் என்று அவன் எண்ணுவது அக்காவுக்கு விளங்கிவிட்டது. வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது. அதையும் தடக்குப்படாமல், சுத்தமான சிங்களத்தில் சொன்னார்.

அம்மா பொலிசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். காலையில் வந்த கொட்டாஞ்சேனைக்காரனிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"உனக்குப் பைத்தியமா? தமிழ் வீட்டுல ஒரு மெஷின். அதுக்குள்ள பொலிஸ் மாதிரி ஒருத்தன் கேள்வி கேக்கிறான். ஒரு பொம்பளை அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிறா. இதக் கொண்டுபோய் ஸ்டேஷன் மேசையில வைக்கப்போறியா?"

அவன் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மை எங்கள் கையில் இருந்தது, அதை வெளியே எடுத்தால் இன்னும் நாலு பேரைக் கொண்டுபோவார்கள். கம்ப்யூட்டரை ஒரு போர்வையால் மூடி வைத்தோம். ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வேகம் குறைத்தால் அம்மா சமையலை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். மாடியிலும் நடமாட்டம் நின்றுபோகும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் பெலத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் இறந்துபோன அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த சிங்களப் பெரியவர் ஒருவர் வந்து, பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து அக்காவை வெளியே எடுத்துவிட்டார். நேர்முகம் தவறிப்போயிருந்தது. தூதரகத்தில் இன்னொரு நாள் கொடுத்தார்கள். அதற்கும் வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம் என்றார்கள். மூடினால் கணவரிடம் போகும் வழி அடைபட்டுவிடும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டேஷனுக்குள் என்ன நடந்தது என்பதை அக்கா சொல்லவில்லை. ஹோல் பக்கமும் வரவில்லை. ஒருநாள் கொட்டாஞ்சேனைக்காரன் வாசலில் நின்று என்னை வழக்கம்போலக் கூப்பிட்டபோது, மேலே அவர் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவனும் கேட்டான். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் குசுகுசுத்தே கதைத்தான்.

போர்வையை விலக்கி, விளையாட்டின் விளக்குகளை மாற்றியவனும் அவன்தான். கேள்வி முடியுமுன் பதில் சொன்னால் சிவப்பு. முழு வசனமாக இருக்கும் பதிலை அழுத்தினாலும் சிவப்பு. கேள்வி முடியும்வரை காத்திருந்து, மூச்சு விட்டு, பாதி வசனம் விழுங்கி நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லும் கலந்த பதிலை அழுத்தினால் பச்சை. எனக்கு அழுகை வந்தது. ஒரு பாஷையைப் பழக்குவதற்காகத் தொடங்கி, அதைத் திக்கித் திக்கிப் பேசப் பழக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். எக்ஸாமினர் ஒருவர் விளையாடிப் பார்த்துவிட்டு, "சரியாச் சொல்றவர் தோக்கிறார், புரோகிராம்ல பிழை இருக்கு" என்றார். பிழை இல்லை சேர், சோதித்துப் பார்த்துத்தான் செய்தோம் என்றேன். யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏதோ பாஸ் பண்ணிவிட்டார்கள்.

இரண்டாம் நேர்முகத்துக்கு நான் விடாப்பிடியாகக் கூடப் போனேன். அதற்கு முதல் நாளே மாடிப்படியில் நின்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். அவசரப்படாதீங்கள், பாதியை விழுங்குங்கள், கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும் என்று காட்டுங்கள். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

பம்பலப்பிட்டிக்கு முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். இறங்கி வரிசையில் நின்றோம். அக்காவின் முறை வந்தது. ஊர் எது என்று பொலிஸ்காரன் கேட்டான். அக்கா காத்திருந்தார். நல்லது என்று நினைத்தேன். மூச்சு விட்டார். அதுவும் நல்லது. இனிப் பாதி வசனம் வரவேண்டும். வரவில்லை. அவன் திரும்பவும் பெலத்துக் கேட்டான். அக்காவின் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவன் என்னைப் பார்த்தான். இவருக்குச் சிங்களம் தெரியாதா என்று கேட்டான்.

"பே, மஹத்தயா", தெரியாது ஐயா என்றேன்.

அவன் சலிப்போடு கையை வீசி, போகச் சொன்னான்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் காதுக்குள் சொன்னேன். "அக்கா, திறமா நடிச்சிட்டீங்கள்."

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"நான் நடிக்கேல்லைத் தங்கச்சி. அவன் என்ன கேட்டவன் எண்டே எனக்கு விளங்கேல்லை. சிங்களமும் வரேல்லை, தமிழும் வரேல்லை. என்ரை பேரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்."

அவர் என் கையைப் பிடித்தார்.

"எம்பசியிலை தமிழிலைதானே கேட்பினம்?"

"ஓமக்கா. மொழிபெயர்க்கிற ஆள் இருப்பார்."

"அப்ப நீர் இப்ப என்னைக் கேளும். எங்கை பிறந்தனீங்கள் எண்டு கேளும்."

கேட்டேன். அவர் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டார். திரும்பவும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பு வந்துவிட்டது.