தண்ணீர் கேட்காத முப்பது கற்கள்

செடி விற்கிற தொழிலில் பாதி நேரம் தண்ணீர் ஊற்றுவதில் போகிறது. மீதி நேரம், "ஊத்தாதீங்க" என்று சொல்ல வாய் வராமல் நிற்பதில் போகிறது. பாசம் மிகுந்து ஒரு செடியையாவது அழுகவிட்டவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.

எதிரே பட்டறை

தாவரவியல் படித்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மாமல்லபுரம் தாண்டி சாலையோரத்தில் இருக்கும் ஒரு நர்சரிக்கு வேலைக்குப் போகிறேன். எதிரே சிற்பப் பட்டறை. நாள் முழுக்க உளிச் சத்தம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பினால் கல்தூசி வந்து, மாவு சலித்தது போல் இலைகளின் மேல் படியும். போன ஆவணியில், நான் பல நாள் கேட்டதற்காக, ஓனர் அண்ணன் ஒரு டிரே லித்தாப்ஸ் வரவழைத்தார். பாலைவனத்துச் செடி. தடித்த இரண்டு இலைகள், நடுவில் ஒரு கீறல், அவ்வளவுதான் உடம்பு. பார்த்தால் கூழாங்கல்லேதான். மொத்தம் முப்பது.

பொங்கல் வரை இவற்றை உயிரோடு வைத்திருந்தால் பின்பக்க ஷெல்ப் எனக்கு, என் இஷ்டப்படி வளர்க்கலாம். இல்லையென்றால் அங்கே இட்லிப்பூத் தொட்டிகள் வரும் என்றார். அந்த ஷெல்ப் எனக்கு வேண்டும். அங்கிருந்து கடல் தெரியாது, ஆனால் கேட்கும். வாடிக்கையாளர்களும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அண்ணன் டிரேயை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதிர்ல போய்க் கேட்டிருந்தா ஒரு கூடை சும்மாவே குடுத்திருப்பானேம்மா."

ஊமைக் கல்

பட்டறையில் கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மணி போலக் கேட்டால் சிலைக்கு ஆகும். டீ குடிக்க வந்த சிற்பி ஒருவர் பழக்க தோஷத்தில் என் செடி ஒன்றை நகத்தால் தட்டினார். தட்டாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்றையும் தட்டிவிட்டார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் நிற்கிற என்னையும் பார்த்தார். "ஊமக் கல்லு பாப்பா. உனக்கு ஏத்த ஜோடிதான் புடிச்சிகினு வந்திருக்க."

உயிர்க்கல்

செடியின் முன்னால் ஓர் அட்டையில் "உயிர்க்கல்" என்று பெரிதாக எழுதி வைத்தேன். நல்ல பெயர் என்று எனக்கே பெருமை. அதைப் படித்துவிட்டு, திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த ஓர் அம்மா பயபக்தியோடு ஒன்றை வாங்கிப் போனார். பத்து நாளில் அதைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். மேலே குங்குமம், கீழே வெந்த உருளைக்கிழங்கு போலக் குழைந்த உடம்பு. பூஜை அறையில் வைத்து தினமும் தண்ணீரும் வெள்ளிக்கிழமை பாலும் அபிஷேகம் செய்திருக்கிறார். நான் எழுதியதை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

வேறொன்று கொடுத்தேன். தோல் சுருங்கியிருந்தால் மட்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, மண்ணுக்கு ஒரு ஸ்பூன் என்று மெல்லச் சொன்னேன். மழைக்காலம் தொடங்கினால் அதுவும் வேண்டாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. என் பாடப்புத்தகங்கள் எதிலும் இத்தனை சுலபமான கணக்கு இல்லை. "அவ்ளோதானே, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஊத்துறேன்."

பிளான்ட்

"நானும் பிளான்ட்லதாங்க வேலை செய்றேன்" என்றபடி ஒருவர் வந்தார். சந்தோஷமாக, என்னென்ன செடி வளர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட்டில் இருப்பவர். சிரித்து முடித்து ஒரு லித்தாப்ஸ் வாங்கினார். ஐப்பசி மழை தொடங்கினால் தண்ணீரை நிறுத்த வேண்டும், மார்கழியில் உள்ளே வளரும் புது இலைகள் பழைய இலைகளின் நீரையே குடித்துக்கொள்ளும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எழுதுவது எனக்குச் சுலபம். படித்துவிட்டுச் சொன்னார்: "நாங்க கடலயே வடிகட்டி ஊருக்குத் தண்ணி அனுப்பிகினு கீறோம், நீங்க இன்னாடான்னா குடுக்காத குடுக்காதன்றீங்க."

மூன்று மணி

நர்சரிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது தனம் அக்கா. சதுரங்கப்பட்டினத்துக்காரர். வீட்டில் மீன்பிடியும் கருவாடும். புரட்டாசி கடைசியில், வெயில் மஞ்சளாகிற ஒரு பிற்பகல், ஒரு கல்லின் கீறலிலிருந்து மொட்டு வந்து மூன்று மணிக்கு மெதுவாக விரிந்தது. செடியைவிடப் பெரிய வெள்ளைப் பூ. அக்காவும் நானும் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். உளிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பக்கம் ஒரு தொட்டி நிரம்பி வழிந்து எங்கள் செருப்பு நனைந்த பிறகுதான் எழுந்தோம். அக்கா சொன்னார்: "கல்லுக்குள்ள இத்தத்தான் ஒளிச்சு வெச்சிகினு இருந்துச்சா."

கருவாடு

அந்தப் பூவுக்குப் பிறகு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் பைப்பை அந்த டிரேயின் பக்கமும் காட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் ஒன்பது செடிகள் அழுகி, விரல் பட்டதும் உள்ளே போயின. எனக்குத் திட்ட வராது. வேர், ஈரப்பதம் என்று ஏதோ முணுமுணுத்தேன். அக்கா புரியாமல் பார்த்தார். அழுகை வருவதற்கு முன் வாயில் வந்தது இதுதான்: "அக்கா, இது கருவாடு மாதிரி. ஈரம் பட்டா போச்சு." பைப்பைக் கீழே போட்டுவிட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கார்த்திகையில் ஒரு பகல், காற்று பின்பக்கக் கூரை ஷீட்டைத் தூக்கியது. கூடவே மழை. நான் முன்னால் ஒருவரிடம் மாட்டியிருந்தேன். அவர் ரோஜா உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, இடையில் வெட்டத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் ஓடிப் பார்த்தால், மழைக்காலத்துக்கென்று டிரேயை மாற்றி வைத்திருந்த பின்பக்க ஷெல்ப் காலி. உர மூட்டைகளுக்கு நடுவில் தனம் அக்கா, டிரேயை மடியில் வைத்து, தார்ப்பாயை அதன் மேல் மட்டும் போர்த்தி, தான் தெப்பமாக நனைந்து உட்கார்ந்திருந்தார். "மானம் கறுத்தா கை தானா கருவாட்டத் தேடும். இன்னிக்கு உன் கல்லத் தேடிச்சு."

போகி

மார்கழி முழுக்க ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த பதினெட்டும் நாளுக்கு நாள் வற்றின. காலையில் பனியோடு போய் நிற்பேன், சும்மா பார்ப்பேன், திரும்புவேன். போகியன்று ஊரெல்லாம் புகை. ஓனர் அண்ணன் இரண்டு கையிலும் இட்லிப்பூத் தொட்டியோடு பின்பக்கம் வந்தார். டிரேயில் இருந்தது பழுப்பாய்க் கசங்கிய வெறும் தோல். "எல்லாம் செத்துப்போச்சேம்மா" என்றார். "குனிஞ்சு பாருங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

குனிந்தார். வெடித்த பழைய தோலுக்குள், பதினெட்டில் பதினேழில், சாம்பல் பச்சையாக ஒரு புது ஜோடி இலை உட்கார்ந்திருந்தது. எங்கிருந்தும் தண்ணீர் வராமல் அத்தனை ஈரமாக. அண்ணன் நிமிரவே இல்லை. கையிலிருந்த தொட்டிகளைப் பார்க்காமலேயே தட்டுத்தடுமாறித் தரையில் வைத்தார். பின்னாலிருந்து தனம் அக்கா சொன்னார்: "ரொம்ப நேரம் எட்டிப் பாக்காத நைனா. பண்டிகைக்குத் துணி மாத்திகினு கீதுங்க."

பின்பக்க ஷெல்ப் இப்போது என்னுடையது. தினமும் போய் நின்று ஒன்றும் செய்யாமல் திரும்புவதுதான் அங்கே என் வேலை, அதற்கு மூன்று வருடம் படித்திருக்கிறேன்.